பாதை பிரியும் இடத்தில் லீடர் திரும்பவில்லை, வண்டியையும் விட்டுவிட்டேன்

புதுத்தடம்:

வணக்கம். ஸ்லெட் என்னும் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்களோடு இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டிலும் வேறொருவரின் கொட்டிலில் தீனி வைப்பது, ஹார்னஸ் என்னும் இழுவைப் பட்டையை மாட்டுவது, கழிவு அள்ளுவது என்று உதவியாளாக இருந்தேன். இந்த முறைதான் சொந்தமாக நான்கு நாய்கள். போன சனிக்கிழமை முதல் போட்டி. காட்டுத் தடம், நான்கு நாய்ப் பிரிவு, 6.5 கிலோமீட்டர். அங்கே நடந்தது ஐந்து நாளாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

முன்னால் மின்னியும் தூவியும். வண்டியை ஒட்டி, வீல் இடத்தில், கரியனும் சாம்பலும். நால்வரும் அலாஸ்கன் ஹஸ்கி. மின்னிக்கு ஐந்து வயது, என்னிடம் வருவதற்கு முன்பே லீடராக, அதாவது கட்டளை கேட்டு அணிக்கு வழிகாட்டும் முன் நாயாக, ஓடியவள். 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம் என்பதெல்லாம் அவளுக்கு எப்போதோ பழகிய பாடம்.

புறப்பாடு நன்றாகவே இருந்தது. வண்டியைப் பனியில் நிறுத்திவைக்கும் கொக்கியை எடுத்ததும் குரைப்பு அடங்கி, பனியில் ரன்னர், அதாவது வண்டியின் சறுக்குக்கட்டை, உரசும் ஓசை மட்டும் கேட்டது. மூன்றாவது கிலோமீட்டரில் நான்கு நாய்த் தடமும் ஆறு நாய்த் தடமும் பிரிகின்றன. நாங்கள் வலப்பக்கம் போக வேண்டும். பிரிவு கண்ணில் பட்டதும் "மின்னி, ஜீ!" என்றேன். அவள் நேராகவே போனாள். மறுபடியும் கத்தினேன், மூன்றாம் முறையும் கத்தினேன். காது கூட அசையவில்லை. இத்தனைக்கும் அந்தக் காடு அவளுக்குப் புதிதல்ல. அக்டோபரிலிருந்து அங்கேதான் பயிற்சி செய்கிறோம், ஆறு நாய்ப் பிரிவின் பெரிய சுற்றில்.

பதறிப்போய் இரண்டு கால்களாலும் பிரேக்கை மிதித்தேன். அங்கேதான் தடம் இடப்பக்கம் வளைந்து கீழே இறங்குகிறது. வண்டியின் வால் வெளிப்பக்கம் வீசி, வலப்பக்க ரன்னர் ஒரு பிர்ச் மரத்தின் அடியில் மோதியது. நான் பனியில் கிடந்தேன். கைப்பிடி கையை விட்டுப் போயிருந்தது. எழுந்து பார்த்தபோது வண்டி வளைவைத் தாண்டி மறைந்துகொண்டிருந்தது.

கத்திக்கொண்டே ஓடினேன். சாலை குறுக்கிடும் இடத்தில் நின்ற ஒரு தன்னார்வலர் அவர்களைப் பிடித்து வைத்திருந்தார். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். வண்டி கவிழாமல் நிமிர்ந்தே போயிருக்கிறது. நடுவே அந்த இறக்கம் இருக்கிறது. பிரேக் பிடிக்க ஆள் இல்லாத வண்டி பின்னாலிருந்து கரியனை இடித்திருக்க வேண்டும். ரத்தம் இல்லை, நொண்டவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை பயிற்சியில் இறக்கம் வந்தாலே திரும்பித் திரும்பி வண்டியைப் பார்க்கிறான். அவனுடைய இழுகயிறு தொய்ந்துவிடுகிறது. கொட்டிலிலேயே கடுமையாக உழைப்பவன் அவன். அவனை அப்படிப் பார்க்க மனம் கேட்கவில்லை.

மின்னி ஏன் திரும்பவில்லை? அவளை எப்படித் திருத்துவது? கரியனின் பயத்தை எப்படிப் போக்குவது?

பனிக்கொக்கி:

தம்பி, முதலில் கரியனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நொண்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓட ஆசைப்படும் நாய் வலியை மறைத்துக்கொண்டு ஓடும். அவர் சரி என்று சொல்லும்வரை அவனுக்கு ஹார்னஸ் வேண்டாம்.

இனி மின்னி. அவளைத் திருத்த எதுவும் இல்லை என்பது என் எண்ணம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அக்டோபரிலிருந்து பெரிய சுற்றில் மட்டுமே ஓடியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவில் நேராகப் போக வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். வாயால் சொல்லவில்லை, ஒவ்வொரு ஓட்டத்திலும் காலால் சொல்லிக்கொடுத்தீர்கள். நாய் தடத்தை மறப்பதில்லை. ஒருமுறை ஓடிய பாதையையே மறுமுறை எதிர்பார்க்கும். அத்தனை ஓட்டங்களில் கற்றதை ஒரு நாள் ஒரு சொல்லால் மாற்ற வேண்டுமென்றால், அந்தச் சொல் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

அந்த நேரத்தைத்தான் தவறவிட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். வண்டியின் நீளம், நாய்களை வண்டியோடு இணைக்கும் நடுக்கயிறு, இரண்டு ஜோடி நாய்கள் எல்லாம் சேர்த்தால் மின்னியின் மூக்கு உங்கள் கைப்பிடிக்கு 7 மீட்டராவது முன்னால் இருக்கும். நீங்கள் இருக்கும் இடத்துக்கு அவள் ஒரு நொடி முன்பே வந்து போய்விட்டாள். பிரிவு 'கண்ணில் பட்டதும்' சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காட்டுத் தடத்தில், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, பிரிவு உங்கள் கண்ணில் படும்போது அவள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து உடலையும் அந்தப் பக்கம் சாய்த்திருப்பாள். அதற்குப் பிறகு எத்தனை முறை கத்தினாலும் அது அவளுக்குக் கட்டளையாகக் கேட்காது, இரைச்சலாகத்தான் கேட்கும்.

ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூரப் போட்டிகளில் சிவப்பு அடையாளம் திருப்பத்துக்குச் சற்று முன்பாகவே, திரும்ப வேண்டிய பக்கத்தில் வைக்கப்படும். மஞ்சள் எச்சரிக்கை. நீலம் நேராகப் போவதற்கு. சிவப்பைக் கண்டவுடன் சொல்லிவிட வேண்டும், பிரிவு தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. பெயரை ஒரு முறை, சொல்லை ஒரு முறை. குரல் சாதாரணமாக இருக்கட்டும். அவள் காதைப் பாருங்கள். சொல் விழுந்தால் ஒரு காது பின்னால் மடிந்து மீண்டும் நிமிரும், அது போதும். மடியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்ல உங்களுக்குத் தூரம் மிச்சம் இருக்கும்.

கத்துவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பாவத்தைச் செய்தவள் நான். பல ஆண்டுகளுக்கு முன் குருவி என்று ஒரு லீடர் இருந்தாள். ஒவ்வொரு தவறான திருப்பத்துக்கும் வண்டியை நிறுத்தி, முன்னால் போய், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்புவேன், திட்டுவேன். ஒரு நாள் காலையில் நடுக்கயிற்றை விரித்துவிட்டு அவளை அவிழ்த்தேன். நேராக இரண்டாம் ஜோடியின் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். முன்னால் கூட்டிக்கொண்டு போனால் படுத்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் முன்னால் ஓடவில்லை. அணியில் மிகக் கனமான வேலை முன்னால் ஓடுவது. அங்கே கால்களைவிட மனம்தான் அதிகம் உழைக்கிறது. அந்த மனத்தை நான் உடைத்துவிட்டேன். மின்னிக்கு அப்படி நேரக் கூடாது.

என்ன செய்யலாம்? இரண்டு தடங்கள் பிரியும் இடத்துக்கு மெதுவாகப் போங்கள். வேகத்தைக் குறைக்க வண்டிக்குப் பின்னால் இழுபடும் ரப்பர் பாயை ஒரு காலால் அழுத்தி, நடை வேகத்துக்கு இறக்கிவிடுங்கள். 20, 30 மீட்டர் முன்பே "மின்னி, ஜீ." சரியாகத் திரும்பினால் திரும்பும் அந்தக் கணத்திலேயே பாராட்டுங்கள், பத்து மீட்டர் தாண்டிய பிறகு வேண்டாம். தவறாகப் போனால் பிரேக்கில் நின்றுவிடுங்கள், பேசாமல். ஒரு முறை சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நின்ற வண்டி அவளுக்குப் பிடிக்காது. இடப்பக்கம் முயல்வாள், நேராக முயல்வாள், கடைசியில் வலப்பக்கம் சாய்வாள். அந்த நொடியே பிரேக்கை விடுங்கள். ஓட விடுவதைவிடப் பெரிய பரிசு அவளுக்கு இல்லை. நாளைக்கு ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம், சில நாள் சுற்றையே எதிர்த்திசையில் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். தடத்தை நம்பாமல் உங்கள் குரலை எதிர்பார்க்கத் தொடங்குவாள்.

அடுத்து, வளைவு. இரண்டு கால்களும் பிரேக்கில் என்றால் ரன்னரில் ஒரு காலும் இல்லை. வண்டியைத் திருப்புவது ரன்னரில் நிற்கும் எடைதான். இடப்பக்க வளைவென்றால் எடை முழுவதும் இட ரன்னரில், முழங்கால் மடங்கி, இடுப்பு உட்பக்கம் சாய்ந்து இருக்க வேண்டும். மற்றக் காலுக்குத்தான் ரப்பர் பாய். வேகத்தை வளைவுக்கு முன்னால், நேரான இடத்திலேயே குறைத்துவிட வேண்டும். தவறான தடத்தில் ஏறிவிட்டீர்கள், சரி. முந்நூறு மீட்டர் போனால் போகட்டும். இறக்கமும் வளைவும் முடிந்து சமதளம் வந்ததும் நிறுத்தி, கொக்கியைக் காலால் மிதித்து இறுக்கி, லீடர்களைக் கையால் திருப்பிக்கொண்டு, தடம் மாறிய அதே இடத்துக்கு வந்து தொடரலாம். போவது சில நிமிடங்கள்தான்.

கைப்பிடியை விடுவதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். விழுந்தாலும் பிடித்துக்கொண்டே இழுபட வேண்டும். வயிறு பனியில் உரசும்போது வண்டி கனக்கும், நாய்கள் தாமாகவே தணியும்.

கரியனுக்கு: மருத்துவர் அனுமதித்த பிறகு, சில வாரங்கள் மின்னிக்குப் பக்கத்தில் முன்னால் கட்டுங்கள். தூவி வீல் இடத்துக்கு வரட்டும். கரியன் வழிகாட்ட வேண்டியதில்லை, அதை மின்னி பார்த்துக்கொள்வாள். வண்டியின் சத்தத்திலிருந்து அவன் தள்ளி இருந்தால் போதும். இறக்கங்களில் ரப்பர் பாயிலிருந்து காலை எடுக்காதீர்கள். நடுக்கயிறு எப்போதும் இறுகியே இருக்க வேண்டும். கயிறு இறுகியிருக்கும்வரை வண்டி நாயைத் தொட முடியாது. அதை அவன் மறுபடியும் நம்பும்வரை, இறக்கத்தில் நீங்கள் ஒரு முறை கூடத் தவறக் கூடாது.

நீள்கயிறு:

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நெடுந்தூரப் போட்டிகளில் சோதனை நிலையங்களில் மருத்துவர்களுக்கு உதவியாக இருந்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாயின் கால்களைக் கையால் பார்க்கும் பழக்கத்தை அங்கேதான் கற்றேன். கையுறையைக் கழற்றிவிடுங்கள். தோளிலிருந்து கீழ்நோக்கி உள்ளங்கையை மெதுவாக இறக்குங்கள். இடக்கால், வலக்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் சூட்டில் உள்ள வித்தியாசம் தெரியும். முன்னங்கால் மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள், தோளை முன்னால் நீட்டிப் பாருங்கள். விரல்களுக்கு இடையே உறைந்த பனி உருண்டையாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாயின் முகத்தையும் கவனியுங்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டால் நாக்கு உள்ளே போகும், மூச்சிரைப்பு ஒரு கணம் நிற்கும். கரியனுக்குப் பின்னங்கால்களில்தான் அடி பட்டிருக்கும் என்பதால் கணுவுக்கு மேல் நன்றாகப் பாருங்கள்.

இன்னொன்று, லீடர் மறுப்பது பற்றி. மின்னியின் விஷயத்தில் அக்கா சொல்வதே சரி, அது பழக்கம். ஆனால் எல்லா மறுப்பும் பழக்கம் அல்ல. பழக்கத்தால் போகிற நாய் காதை நிமிர்த்தி, இழுகயிற்றை இறுக்கி, தயங்காமல் போகும். வேறு காரணத்தால் மறுக்கிற நாய் வேகத்தைக் குறைக்கும், தலையைத் தாழ்த்தும், கயிற்றைத் தொய்யவிட்டுப் பக்கவாட்டில் பார்க்கும். அப்போது கட்டளையைத் திரும்பச் சொல்லாமல் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய பனிக்கட்டி இருக்கலாம். மூஸ் என்னும் பெரிய காட்டு மான் இருக்கலாம்.

மூஸ் விஷயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. பனி ஆழமாக விழுந்த காலத்தில் அது இறுகிய தடத்தில்தான் நடக்கும், விலகவும் மறுக்கும். அலாஸ்காவின் நெடுந்தூர ஐடிடராட் போட்டியில், 1985இல், சூசன் புட்சரின் அணிக்குள் ஒரு மூஸ் புகுந்து இரண்டு நாய்களைக் கொன்றது, பல நாய்கள் காயப்பட்டன. அவர் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. அந்த ஆண்டு வென்றவர் லிபி ரிடில்ஸ், அந்தப் போட்டியை வென்ற முதல் பெண். மறுஆண்டு புட்சர் திரும்பி வந்து வென்றார்.

1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் மருந்து கொண்டுபோன ஓட்டமும் நினைவுக்கு வருகிறது. 20 பேர் மாற்றி மாற்றி ஓட்டி, 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசியாக ஓட்டிய குன்னர் காசனுக்குப் பனிப்புயலில் வண்டியை ஒட்டிய நாய்களே கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டளை கொடுக்கவும் வழியில்லை. தன் லீடர் பால்டோவின் மூக்கை நம்பித்தான் போனார். உங்கள் லீடர் இப்படி உங்களுக்காக முடிவெடுக்க வேண்டிய ஒரு நாள் வரலாம். கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படியும்படி அவளைப் பழக்கிவிடாதீர்கள்.

பிர்ச்நிழல்:

வண்டியின் பின்னால் நான்கைந்து மீட்டர் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு ஓடலாமே? விழுந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். நான் பயிற்சியில் அப்படித்தான் செய்கிறேன், இரண்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பனிக்கொக்கி:

திறந்த வெளியில் நல்ல யோசனைதான். நெருக்கமான மரங்களுக்கு நடுவே எனக்குத் தயக்கம் உண்டு. கயிற்றின் நுனியில் முடிச்சோ வளையமோ இருந்தால் ஏதாவது அடிமரத்தில் சிக்கும், அணி முழு வேகத்தில் வெட்டி நிற்கும். அதன் அதிர்ச்சி நாய்களின் தோளுக்குத்தான் போகும். முடிச்சே இல்லாத கயிறாக இருந்தால் சரி. போட்டியில் அனுமதி உண்டா என்பதை மஷர்கள் (வண்டி ஓட்டுபவர்கள்) கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். தம்பி, ஆள் இல்லாமல் வரும் அணியை யார், எப்படிப் பிடிக்கலாம் என்பதையும் அதே கூட்டத்தில் கேளுங்கள். அணி கைவிட்டுப் போகும் என்று நினைத்து யாரும் புறப்படுவதில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகிறது.

புதுத்தடம்:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

கரியனை மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இடப் பின்னங்காலில், கணுவுக்கு மேல், உள்காயம். எலும்புக்கு ஒன்றுமில்லை. பத்து நாள் ஓய்வு என்றார். மற்ற மூவருக்கும் ஹார்னஸ் மாட்டும்போது கொட்டிலின் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி அவன் ஊளையிட்டதைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதுதான் இந்த நாள்களில் கடினமாக இருந்தது.

அந்தப் பத்து நாளும் மின்னி, தூவி, சாம்பல் மூவரோடு பிரிவுகளில் மட்டும் வேலை செய்தேன். முதல் நாள் அதே இடத்தில் நடை வேகத்தில் 'ஜீ' சொன்னேன். நேராகப் போனாள். பிரேக்கில் நின்றேன். வாயைத் திறக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரிந்தது. நேராக ஒரு முறை இழுத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒரு முறை சொல்லிவிட்டு மரம்போல நின்றேன். தூவி குரைக்கத் தொடங்கிவிட்டாள். மின்னி மூக்கை வலப்பக்கம் நீட்டி, கால் ஒன்றை அந்தத் தடத்தில் வைத்தாள். வைத்ததும் பிரேக்கை விட்டேன். மூவரும் பாய்ந்தார்கள். நாலாம் நாள் நிற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சென்ற வாரம் முழு வேகத்தில், திருப்பத்துக்கு நான் அடையாளம் வைத்திருக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தருகே சொன்னேன். இடக் காது மடிந்து நிமிர்ந்ததைப் பார்த்தேன் அக்கா. இத்தனை நாளும் அந்தக் காதை நான் பார்த்ததே இல்லை.

வளைவில் ஒரு காலை மட்டும் ரப்பர் பாயில் வைப்பது இன்னும் முழுதாகக் கைவரவில்லை. பதற்றத்தில் இரண்டாவது காலும் ரன்னரை விட்டு நகர்ந்துவிடுகிறது. அதற்காகவே அந்த இறக்கத்தில் நாய்கள் இல்லாமல், வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஏறி இறங்கிப் பழகுகிறேன்.

நேற்று கரியன் திரும்பி வந்தான். மின்னிக்குப் பக்கத்தில் கட்டினேன். மூன்று கிலோமீட்டர் மட்டும். அந்த இறக்கம் வந்ததும் உச்சியிலிருந்து அடிவரை பாயை அழுத்திக்கொண்டே வந்தேன், நடுக்கயிறு ஒரு நொடி கூடத் தொய்யவில்லை. இறங்கி முடிப்பதற்குள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு அந்தத் திங்கட்கிழமை ஓடியபோது எத்தனை முறை என்று எண்ணவே முடியவில்லை.